அரக்குப் புடவையும் இரண்டு கேமராவும்: ஆறு வருட அனுபவம்

என்னிடம் இருப்பவை ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி3, நிக்கான் இசட்6. இரண்டுமே 2018-இல் வெளிவந்தவை, நான் வாங்கியது 2019-இல். ஃபியூஜி ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்), 26 மெகாபிக்சல். நிக்கான் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்), 24 மெகாபிக்சல். பெரும்பாலும் கல்யாண வேலைதான். ஃபியூஜி என் கழுத்தில் தொங்கும், நிக்கான் தம்பி கழுத்தில்.

முதல் வருடமே ஒரு பஞ்சாயத்து வந்தது. பெண்ணின் அம்மா ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தில் விரலை ஊன்றினார். "தம்பி, நாங்க எடுத்தது ஒரே கூரைப்புடவைதானே?" வலப்பக்கம் தம்பி எடுத்த படத்தில் புடவை நல்ல அரக்கு. இடப்பக்கம் நான் எடுத்ததில் செங்கல் நிறம். பிரிண்ட் போட்ட லேப்காரரிடம் போய்க் கத்தினேன். அவர் பொறுமையாக என் ஃபைலையே திரையில் திறந்து காட்டினார். அதிலும் செங்கல்தான்.

சரி, ஃபியூஜிக்குச் சிவப்பு வராது போலிருக்கிறது, விற்றுவிடலாம் என்று முடிவுகட்டினேன். விற்பதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை. மனைவியின் அரக்குப் புடவை ஒன்று, மயில்கழுத்து ஒன்று. கட்டிலில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் 24 கட்டம் போட்ட கலர் கார்டை வைத்து, இரண்டு கேமராவையும் டிரைபாடில் மாற்றி மாற்றி மாட்டி எடுத்தேன். ரா கோப்புகளை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகளை, திறந்து பார்த்தபோதுதான் உறைத்தது. ஃபியூஜி படங்களுக்கு எல்லாம் 'கிளாசிக் குரோம்' புரொஃபைலை வழக்கமாகப் போட்டுவந்திருக்கிறேன். அது நிறங்களை அடக்கிக் காட்டுவதற்கென்றே வந்த புரொஃபைல். தெருப் படங்களுக்கு அருமையாக இருக்கும், கூரைப்புடவைக்கு ஆகாது. தம்பியின் படங்களோ நிக்கானின் ஸ்டாண்டர்ட் புரொஃபைலில் இருந்தன.

ரா கோப்பில் இருப்பதெல்லாம் சென்சாரின் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்களுக்குப் பின்னால் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்ற எண்கள்தான். அந்த எண்ணை எந்தச் சிவப்பாகக் காட்டுவது என்பது மென்பொருளில் இருக்கும் புரொஃபைலின் வேலை. கலர் கார்டை வைத்து இரண்டு கேமராவுக்கும் சொந்தப் புரொஃபைல் செய்து போட்டதும் எது ஃபியூஜி, எது நிக்கான் என்று எனக்கே சொல்ல முடியவில்லை. மயில்கழுத்து மட்டும் இரண்டிலும் படுத்தியது. பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம், டிரைபாடை இரண்டு விரல் அளவு நகர்த்தினால் நீலம் பச்சையாகிவிடுகிறது. அதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஆல்பப் பக்கத்தை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அடுத்து எல்லோரும் கேட்பது இருட்டு. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு ஃபியூஜியுடையதைப்போல ஏறக்குறைய 2.4 மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஒரே அப்பெர்ச்சரில் (லென்ஸின் திறப்பு, எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) எடுத்தால் நிக்கான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் நான் மாட்டுவது 56 மி.மீ. எஃப் 1.2, தம்பி மாட்டுவது 85 மி.மீ. எஃப் 1.8. கணக்குப் போட்டால் கோணமும் ஒன்று, பின்னணி மங்கலும் ஒன்று, உள்ளே வரும் மொத்த வெளிச்சமும் ஒன்று. விடிகாலை முகூர்த்தத்தில், ஹோமப் புகைக்கு நடுவே, நான் ஐஎஸ்ஓவை (படத்தின் வெளிச்சத்தை எவ்வளவு ஏற்றுவது என்ற அளவு) 1600 வைத்தால் தம்பி 3200-க்கு மேல் போயாக வேண்டும். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருட்டில் வரும் நாய்ஸ் புள்ளிகள் கிட்டத்தட்ட சமம். ஜூம் லென்ஸ் மாட்டினால் கதை வேறு, அங்கே இரண்டிலும் எஃப் 2.8தான் என்பதால் நிக்கான் கை ஓங்கும். 2023-இல் லைட்ரூம் மென்பொருளில் அந்தப் புள்ளிகளை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் வந்த பிறகு அந்த வித்தியாசமும் சுருங்கிவிட்டது. என் பழைய லேப்டாப்பில் ஒரு படத்துக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அதனால் தாலி கட்டும் படங்களுக்கு மட்டும்தான்.

மென்பொருள் உண்மையாகவே வித்தியாசம் காட்டும் இடம் ஃபியூஜி சென்சாரின் நிறக் கட்ட அமைப்பான எக்ஸ்-ட்ரான்ஸ். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற 2×2 நிறக் கட்டம்தான் நிக்கானில் இருப்பது. ஃபியூஜி 2012-இல் எக்ஸ்-ப்ரோ1 மூலம் 6×6 கட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டங்கள் கலைந்து கிடப்பதால் ஜரிகை, மெல்லிய கோடு போன்றவற்றில் வரும் மாயா வடிவங்கள் குறையும். பதிலுக்கு, ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறத்தை மட்டுமே பதிவதால் விடுபட்ட மற்ற நிறங்களை ஊகிக்க மென்பொருள் கூடுதலாகத் திணற வேண்டும். நான் முதலில் வைத்திருந்த மென்பொருளில் ஷார்ப்னெஸை ஏற்றினால் வேப்பிலைக் கொத்தில் புழு நெளிவதுபோல இருக்கும். தலையில் வைத்த மல்லிகைச் சரத்திலும் அதே நெளிவு. அதே கோப்பைக் கேப்சர் ஒன்னில் திறந்தேன், இதழ் இதழாகப் பிரிந்து தெரிந்தது. காசில்லாதவர்களுக்கு டார்க்டேபிள் இருக்கிறது, அதில் 'மார்கெஸ்டைன்' முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். இதெல்லாம் திரையில் 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும் நம் வியாதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 12×36 அங்குல ஆல்பத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை.

கேமரா தரும் ஜேபெக் நிறமே வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு கம்பெனியும் இலவசமாகவே மென்பொருள் தருகின்றன. நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ நிதானமான ஆள். ஃபியூஜியின் எக்ஸ் ரா ஸ்டுடியோ கொஞ்சம் விசித்திரம், கேமராவைக் கேபிளில் மாட்டினால்தான் வேலை செய்யும். கணினி வெறும் திரைதான், படத்தைக் கழுவித் தருவது கேமராவுக்குள் இருக்கும் புராசஸர்.

ஃபியூஜியில் எனக்குப் பிடித்தது, வெளிச்சமான இடங்கள் வெளுக்காமல் காக்கும் டிஆர்400 அமைப்பு. மண்டப வாசலில் வெயிலில் நிற்கும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெளுத்துப் போகாமல், கரையின் மடிப்பு வரை நிற்கும். கேமரா இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்துவிட்டு நிழலை மட்டும் தூக்கிவிடுகிறது, அதனால் ஐஎஸ்ஓ 640-க்குக் கீழே இறங்க முடியாது. அந்த ரா கோப்பைச் சில மென்பொருள்கள் தாமாகவே ஏற்றிக் காட்டும், சிலவற்றில் இருண்டு கிடக்கும். பயந்துவிடாதீர்கள், எக்ஸ்போஷரைக் கூட்டினால் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது.

இரண்டிலும், எந்த மென்பொருளிலும், எனக்கு இன்றுவரை வசப்படாதது வரவேற்பு மேடையின் கத்திரிப்பூ நிற எல்ஈடி. முகத்தில் அது விழுந்தால் தோல் நிறம் என்று மீட்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் படம் எடுக்கத் தொடங்கும் முன் டெக்கரேஷன்காரரிடம் போய், "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் அதை மட்டும் அணைச்சு வைங்களேன்" என்று கேட்டுக்கொள்கிறேன். பாதிப் பேர் அணைக்கிறார்கள்.