காகித இலக்குக்கு எந்தத் தோட்டா? .22 முதல் .45 வரை

காகிதத்தில் ஓட்டை போட வலு வேண்டியதில்லை. இலக்குத் தாளில் சுட்டு மகிழ்பவருக்கு நல்ல தோட்டா என்பது சுடுபவரின் தவறை மறைக்காமல் காட்டுவது. உதை குறைவாக இருந்தால், டிரிக்கர் விழும் நொடியில் முன் சைட் (குழல் முனையில் குறிபார்க்கும் முள்) எங்கே நின்றது என்பது கண்ணில் படும். உதை பலமாக இருந்தால், வெடிப்பை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே பதறிக் குழலைக் கீழே அமுக்கும். ஓட்டைகள் ஆறு மணிப் பக்கம் இறங்கும், பழியோ சைட்டின் மேல் விழும். இந்த ஒரே அளவுகோலில் ஐந்து தோட்டாக்களையும் பார்ப்போம்.

முதலிடம் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்), இதில் தயக்கமே இல்லை. 1887-இல் வந்தது. ஈயக் குண்டு பொதுவாக 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். ஒலிம்பிக்கில் பெண்களின் 25 மீட்டர் பிஸ்டல், ஆண்களின் ரேபிட் ஃபயர் இரண்டும் இதில்தான் நடக்கின்றன. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றதும் இதே தோட்டாவில்தான். வாங்கும்போது பெட்டியில் 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' என்று இருக்கிறதா பாருங்கள். அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 325 மீட்டர். அந்த எண் ரைஃபிள் குழலில் அளந்தது, ஐந்து அங்குலப் பிஸ்டல் குழலில் அதைவிடக் குறையும். 'ஹை வெலாசிட்டி'க்குப் போவதால் தாளில் ஒரு புள்ளியும் அதிகரிக்காது. ஸ்டாண்டர்ட் தோட்டாவுக்கென்று ஸ்பிரிங் அமைத்த போட்டிப் பிஸ்டலில் அது ஸ்லைடை (பின்னோக்கிச் சறுக்கும் மேல்பகுதியை) வீணாக அடித்து மோதும்.

இதன் பலவீனம் விளிம்பில் இருக்கிறது. வெடிமருந்துக் கலவை உறையின் விளிம்பு மடிப்புக்குள் சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். பூச்சு விட்டுப்போன இடத்தில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) குத்தினால் தோட்டா வெடிக்காது. அப்போது குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 வினாடி காத்திருங்கள், சில தோட்டா தாமதித்து வெடிக்கும். பிறகு எடுத்து, அரைச் சுற்று திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். ஒரு பெட்டியில் இரண்டு மூன்றுக்கு மேல் இப்படி ஆனால், தோட்டாவைக் குறை சொல்லும் முன் சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையைப் பாருங்கள். மெழுகும் ஈயமும் படிந்து தோட்டா முழுதாக உட்காராமல் நின்றால், பின்னின் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். 200, 300 தோட்டாவுக்கு ஒருமுறை சேம்பர் வாயையும் உறையை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியையும் துடைத்தால் போதும், குழலைத் தினமும் தேய்க்க வேண்டாம். மேகசினில் நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் மாட்டிக்கொள்ளும். துப்பாக்கியின் கையேடு அனுமதிக்காதவரை வெறும் சேம்பரில் டிரிக்கரை இழுக்காதீர்கள், பின் போய்ச் சேம்பரின் ஓரத்தில் குத்திப் பள்ளம் விழும்.

எந்த பிராண்டு என்று கேட்டால் உங்கள் குழலைத்தான் கேட்க வேண்டும். சிசிஐ ஸ்டாண்டர்ட், எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், எலி மூன்றிலும் ஒரு பெட்டி வாங்கி, மணல் பையில் தாங்கி 25 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுடுங்கள். மூன்று குண்டுக் குழுவை நம்ப வேண்டாம், அது அதிர்ஷ்டத்தைக் காட்டும். பிராண்டு மாற்றினால் மெழுகும் மாறும், ஆகவே முதல் 15 குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சர்வதேசத் தாளில் பத்தாம் வளையம் 50 மி.மீ. பத்தும் அதற்குள் விழுந்தால் எலியின் விலை உயர்ந்த டெனெக்ஸ் தோட்டாவுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. பூச்சில்லாத ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

இரண்டாவது, .38 ஸ்பெஷல் வாட்கட்டர். ஆறு அங்குல ரிவால்வரில் இதற்கு ஈடான இன்பம் குறைவு. 148 கிரெயின் தட்டைத் தலைக் குண்டு உறையின் வாயோடு வாயாக அமர்ந்திருக்கும், வேகம் வினாடிக்குச் சுமார் 215 மீட்டர்தான். காகிதத்தைக் கிழிக்காமல் பஞ்ச் வைத்து எடுத்தது போல வட்டமாக வெட்டும், கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் இருக்காது. அடியில் குழிவுள்ள குண்டு என்றால், வாயு அந்தக் குழிவைச் சுற்றியுள்ள மெல்லிய பாவாடையை விரித்துக் குழலின் வரிப்பள்ளங்களில் அழுத்தும், துல்லியம் அங்கிருந்துதான் வருகிறது. அதே பாவாடைதான் ஆபத்தும். மருந்து கூடினால் தலை மட்டும் பறந்துபோய்ப் பாவாடை குழலுக்குள் தங்கிவிடும். தானே தோட்டா நிரப்புபவர்கள் கவனிக்க: உறை பெரிது, மருந்து மிகக் குறைவு. தவறி இருமடங்கு விழுந்தாலும் வழியாது. குண்டு பொருத்தும் முன் ஒவ்வொரு உறையையும் விளக்கொளியில் பாருங்கள். சுடும்போது 'பொத்' என்று மெல்லிய சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள், குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். தோட்டாக்களை வெளியே எடுத்து, குழலில் குச்சி விட்டுப் பாருங்கள். .357 ரிவால்வரில் .38 சுடுபவர்கள் சேம்பருக்குள் படியும் கரி வளையத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீளமான .357 பிறகு உள்ளே போக மறுக்கும்.

.32 எஸ்அண்ட்டபிள்யூ லாங் இன்னும் மென்மையானது. வால்தர் ஜிஎஸ்பி, பார்டினி போன்ற சென்டர் ஃபயர் (பின் விளிம்பில் அல்லாமல் உறையின் அடி நடுவில் குத்தும்) போட்டிப் பிஸ்டல்களின் தோட்டா இது, 98 அல்லது 100 கிரெயின் வாட்கட்டர். ஓட்டை சிறிது என்று கவலைப்பட வேண்டாம். சர்வதேச விதியில் சென்டர் ஃபயர் ஓட்டைகளை எல்லாம் 9.65 மி.மீ. அளவியால்தான் சோதிப்பார்கள். இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்த ரகம் என்பதால், உரிமத்தில் வாங்கும் ரிவால்வர் பலருக்கும் .32 தான். ஆனால் அதற்கான உருண்டை முனைத் தோட்டா நீளம் கூடியது, வாட்கட்டருக்கென்று செய்த பிஸ்டலின் மேகசினில் நுழையாது. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

.45 ஏசிபி அமெரிக்க புல்ஸ்ஐ போட்டியின் தோட்டா. ஒற்றைக் கையில், 50 கெஜத்தில் பத்து நிமிடத்துக்குப் பத்துக் குண்டு, பிறகு 25 கெஜத்தில் 20 வினாடிக்கு ஐந்து, 10 வினாடிக்கு ஐந்து. 230 கிரெயின் முழு வேகத் தோட்டாவில் இதைக் கற்க முயல்வது வீண். 185 கிரெயின் குண்டுள்ள, வேகம் குறைந்த மென்தோட்டாவை எடுங்கள், கூடவே ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். .45 பிஸ்டலான 1911-இன் வழக்கமான 16 பவுண்டு ஸ்பிரிங்கை மெல்லிய தோட்டா முழுதாகத் தள்ளாது, காலி உறை ஜன்னலில் புகைபோக்கி போல நின்றுவிடும். 12 பவுண்டு பொருந்தும். முழு வேகத் தோட்டாவுக்குத் திரும்பும்போது பழைய ஸ்பிரிங்கும் திரும்ப வேண்டும், இல்லையேல் ஸ்லைடு துப்பாக்கியின் சட்டகத்தை இடித்துத் தேய்க்கும்.

9 மி.மீ.யைக் கடைசியில் வைக்கிறோம். சென்டர் ஃபயரில் விலை குறைவு, அமெரிக்கக் கடைகளில் எங்கும் கிடைக்கும், 10 மீட்டர் இரும்புத் தட்டுக்கு அருமை. ஆனால் அதன் உதை சுருக்கென்று வெட்டும், சாதாரணப் பிஸ்டலில் 50 கெஜத்தில் பத்தாம் வளையத்தைப் பிடிக்காது. 115 கிரெயினை விட்டு 147 கிரெயினுக்கு மாறினால் குண்டு ஒலிவேகத்துக்குக் கீழே போகும், உதையும் தள்ளலாக மாறும். கையில் ஏற்கெனவே சிஇசட் 75 என்ற 9 மி.மீ. பிஸ்டல் இருந்தால் இன்னொரு துப்பாக்கி வேண்டாம், அதற்கான .22 மாற்றுத் தொகுதி கேடட்டை வாங்குங்கள். டிரிக்கரும் பிடியும் அதேதான். ஒரு 9 மி.மீ. பெட்டிக்கு மூன்று .22 பெட்டி என்ற கணக்கில் சுடுங்கள். கேடட்டுக்குச் சொந்தப் பின் சைட் உண்டு, அதனால் மாற்றும்போதெல்லாம் சைட்டைத் திருக வேண்டியிராது.