மண்ணின் ஈரம் பார்க்க: ஸ்மாப்பா, சிக்னஸ்ஸா?

இரண்டும் நாசாவின் செயற்கைக்கோள் திட்டங்கள். 2015 ஜனவரியில் ஏவப்பட்ட ஸ்மாப், 6 மீட்டர் அகல வலை ஆன்டெனாவைச் சுழற்றி, மண் தானாகவே வெளியிடும் மெல்லிய நுண்ணலையைக் கேட்கிறது. சிக்னஸ், 2016 டிசம்பரில் எட்டுச் சிறு செயற்கைக்கோள்களின் கூட்டமாகச் சென்றது. புயல் காற்றை அளக்கத்தான் அனுப்பினார்கள். கீழே பட்டுத் தெறிக்கும் ஜிபிஎஸ் அலையைப் பிடிப்பதே அதன் வேலை. ஈர மண் அதிகம் எதிரொளிக்கும், காய்ந்த மண் குறைவாக. அலையை அனுப்பும் செலவு வேறொருவருடையது என்பதால் கருவியும் சிறிது.

ஈரத்தின் அளவு எண்ணாக வேண்டுமென்றால் என் ஓட்டு ஸ்மாப்புக்கே. மேடுபள்ளமும் செடிகொடியும் எதிரொளிப்பைக் குழப்பிவிடும். சிக்னஸ் தரவை ஸ்மாப்போடு ஒப்பிட்டே ஈரமாக மாற்றுகிறார்கள். ஆனால் ஸ்மாப் படத்தின் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அகலம். ஓரிடத்துக்கு மீண்டும் வர 2 அல்லது 3 நாள். அசையாத வெள்ளநீரோ கண்ணாடி போல் எதிரொளிப்பதால், மரங்களுக்கடியில் தேங்கியதைக்கூடச் சிக்னஸ் சில கிலோமீட்டர் நுணுக்கத்தில் காட்டிவிடும். ஏறத்தாழ 38 பாகை அட்சரேகைக்கு அப்பால் அதற்குப் பார்வை இல்லை.

ஒரு வேடிக்கை: ஸ்மாப்பில் அலையைத் தானே அனுப்பி எதிரொளிப்பைக் கேட்கும் ரேடாரும் இருந்தது; அது 2015 ஜூலையில் பழுதானது. பிழைத்திருந்த அதன் ஏற்பியை (அலையை வாங்கும் பகுதியை) ஜிபிஎஸ் எதிரொளிப்பைக் கேட்கவே திருப்பிவிட்டார்கள்!