பழைய தோட்டத்து வீடு, மார்கழி மாதம்: சிமெண்டா, சுண்ணாம்புக் காரையா?

கொங்குப் பக்கத்தில் மார்கழி பிறந்துவிட்டால் புதுவீட்டு வேலையை யாரும் தொடங்குவதில்லை. கொத்தனார்களும் சித்தாள்களும் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். பழைய தோட்டத்து வீட்டைச் சீர்செய்ய நினைப்பவர்களுக்கு இதுதான் தோதான நேரம். தை பிறந்து முகூர்த்தம் தொடங்கிவிட்டால் அதே கொத்தனாரைப் பிடிக்க முடியாது. ஆள் வந்த முதல் நாளே எழுகிற கேள்வி, உதிர்ந்த சுவருக்கு எதைப் பூசுவது என்பது.

பெரும்பாலும் பதிலையும் கொத்தனாரே சொல்லிவிடுவார். "காரை காயற வரைக்கும் யாருங்க காத்திருக்கறது? சிமெண்டைப் பூசி விட்டுறலாமுங்க." அவர் பேச்சில் நியாயம் உண்டு. சிமெண்ட் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், பூசத் தெரிந்த ஆளும் கிடைப்பார், ஏழு நாள் தண்ணீர் அடித்தால் கெட்டிப்பட்டுவிடும். சுட்ட செங்கல்லை சிமெண்டில் வைத்துக் கட்டிய சுவராக இருந்தால் நானும் அதையேதான் சொல்வேன்.

தோட்டத்து வீட்டுச் சுவர் அப்படிப்பட்டதல்ல. கருங்கல்லோ மண்கட்டியோ வைத்து, இடையில் சேறு அப்பிக் கட்டியது. ஓதம் ஏறாமல் தடுக்க அடியில் எதுவும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையிலிருந்து உறிஞ்சிய தண்ணீர் மார்கழியிலும் சுவருக்குள்தான் இருக்கும். உள்ளங்கையை வைத்துக்கொண்டே கீழிருந்து மேலே போய்ப் பாருங்கள்; சில்லென்று இருப்பது ஓர் உயரத்தில் சட்டென்று நின்றுவிடும். ஈரம் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இனி அது வெளியே போயாக வேண்டும்.

சிமெண்ட் பூச்சு அதற்குச் சரியாக வழிவிடாது. முகப்பு அடைபட்டதும் ஈரம் இன்னும் மேலே ஏறும், இல்லையென்றால் வீட்டுக்கு உள்பக்கமாகத் திரும்பும். கூடவே வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் பூத்துத் தள்ளும். மண்சுவர் ஈரத்துக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். விறைப்பான சிமெண்ட் அதற்கு ஈடுகொடுக்காமல் தனித் தகடாகக் கழன்று நிற்கும். விரல் முட்டியால் தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம் வரும். அது விழும்போது சும்மா விழாது, சுவர் மண்ணையும் பெயர்த்துக்கொண்டுதான் விழும்.

காரையில் நுண்துளைகள் அதிகம் என்பதால் ஈரம் அதன் வழியாகவே காய்ந்து போகும். காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் அது இறுகுகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரப்பதமும் நிறையப் பொறுமையும் வேண்டும். சித்திரை வெயிலில் பூசினால் இறுகும் முன்பே தண்ணீர் ஆவியாகி, பூச்சு மாவாக உதிரும். மார்கழியின் பனியும் இளவெயிலும் அதற்குப் பிடித்த பருவம். குளிர் நாடுகளில் 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால், உறைபனிக்குப் பயந்து காரை வேலையை நிறுத்திவிடுவார்கள். கோவை, ஈரோட்டுச் சமவெளியில் அந்தக் கவலையே இல்லை. போகிக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்து, போகியன்று கூரையில் வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவது நம் வழக்கம்தானே, சுண்ணாம்புக்கு ஏற்ற காலம் எது என்று அந்தக் கைகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

காரையில் சிரமமும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பூச்சும் இறுகிய பிறகுதான் அடுத்தது. அவசரமாகக் குடிபோக வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது. காரை பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும், கூலியும் கூடும். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள், நரநரவென்று கல் தட்டுப்பட்டால் இன்னும் ஊற வேண்டும். அந்தக் கல் பூசிய பிறகு சுவரில் நீறி உப்பி, மேற்பரப்பைக் குழி குழியாக்கிவிடும். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் என்று பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு எனக்கு நம்பிக்கையானது. பூசுவதற்கு முன் சுவரை நனைத்துக்கொள்ள வேண்டும், பூசியபின் எதிர்வெயில் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும்.

குளியலறை, புதிதாக எழுப்பும் செங்கல் சுவர், தண்ணீர்த் தொட்டி, இவற்றுக்கு சிமெண்டே போதும். அதில் பிடிவாதம் வேண்டாம்.

கூரை ஒழுகினால் எந்தப் பூச்சும் நிற்காது, அதனால் மழை விட்டதும் முதலில் கூரை ஓடுகளைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை சில வருடம் மார்கழியிலும் எட்டிப் பார்க்கும் என்பதால் ஒரு பக்கத்தை மேய்ந்து முடித்தபிறகே மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டும். இங்கே போட்டி தகரம், சீமை ஓடு, நாட்டு ஓடு என்று மூன்று பேருக்கு. தகரம் மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் பனி இறங்கும் விடியற்காலையில் தகரத்தின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். கீழே கடலைக்காயோ மஞ்சளோ மூட்டை அடுக்கியிருந்தால் வீண். 1860-களிலிருந்து மங்களூரில் ஆலைகளில் செய்யப்பட்டு வரும் சீமை ஓடு ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், எடையும் குறைவு. அதற்கு ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டங்களான ரீப்பர்களை ஒரே இடைவெளியில் புதிதாக அடிக்க வேண்டும். நாட்டு ஓடு கனம் கூடினது, மயில் ஏறினால் நொறுங்கும், அவ்வப்போது மாற்றி மேய ஆள் வேண்டும். ஆனாலும் பனஞ்சட்டங்கள் கரையான் அரிக்காமல் நன்றாக இருந்தால் என் தேர்வு நாட்டு ஓடுதான். மரத்தைத் தொடாமல் வேலை முடியும், கோடையில் வீடும் குளுகுளுவென்று இருக்கும். புது ஓடு கிடைப்பது கஷ்டம். அக்கம்பக்கத்தில் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே போய் ஓட்டுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.