இலவச ஆங்கிலம்: ரீலோட் காசுக்கு எது தேறும்?

ஹட்டன், பதுளைப் பக்கத் தோட்டங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் ஆங்கிலம் கற்பிக்கும் தளத்தை எடைபோட இங்கே முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: பாடத்தை ஒரு தடவை இறக்கி வைத்துப் பிறகு டேட்டா இல்லாமல் கேட்கலாமா? பேசுவது எழுத்திலும் கிடைக்கிறதா?

இரண்டிலும் தேறுவது பீபீசி லேர்னிங் இங்கிலிஷின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’. ஆறு நிமிடப் பேச்சு, ஆறு சொற்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி, கடைசியில் அதற்கு விடை. 128 கேபிபிஎஸ் (ஒரு வினாடிக்கான தரவின் அளவு) ஒலிக்கோப்பு என்றால் சுமார் 6 எம்பிதான். வெறுமனே காதில் ஓடவிட்டால் பயன் குறைவு. முதலில் எழுத்தைப் பார்க்காமல் முழுதாகக் கேளுங்கள். பிறகு ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, வசனம் வசனமாக நிறுத்திக் கொப்பியில் எழுதி, பேச்சின் எழுத்து வடிவமான பீடீஎஃப்போடு ஒப்பிடுங்கள். பெரிய சொற்கள் அநேகமாகச் சரியாக இருக்கும். ‘ஏ’, ‘டு’, ‘ஒஃப்’ போன்ற சின்னச் சொற்கள்தான் விடுபடும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத சொற்கள் தேய்ந்துவிடும். ‘வோன்ட் டு’ பேச்சில் ‘வொனா’ ஆகிவிடும். ஒவ்வோர் அசையும் தெளிவாக ஒலிக்கும் தமிழுக்குப் பழகிய காது அதைத் தவறவிடுகிறது. விடுபட்ட இடத்தை மூன்று தடவை திரும்பக் கேட்டு, கூடவே சொல்லிப் பாருங்கள். அந்த பீடீஎஃப் சொல்லுக்குச் சொல் எழுதப்பட்டதல்ல என்று அதிலேயே போட்டிருக்கிறார்கள். ஓரிரு சொல் மாறியிருந்தால் உங்கள் பிழை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

ஆனால் இது நடுத்தர நிலைக்கானது. அடித்தளம் இல்லாதவர் இதில் தொடங்கினால் இரண்டாம் நாளே விட்டுவிடுவார். அவருக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன் இங்கிலிஷ்’ நல்லது. ஏ1 (தொடக்க நிலை) முதல் சீ1 (உயர் நிலை) வரை படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். கேட்டல் பாடங்களில் பயிற்சியும் எழுத்து வடிவமும் உண்டு. கட்டண வகுப்பு விளம்பரங்கள் வந்தால் கடந்துவிடுங்கள்.

சாதாரண தரப் பரீட்சைதான் குறி என்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தின் பாடநூல்களையும் கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தையும் விட்டுவிடக் கூடாது. பாடத்திட்டத்துக்கு உரிய பாடங்கள் அங்கே இருக்கின்றன.

கூகுள் மொழிபெயர்ப்பைச் சொல்லின் பொருள் பார்க்க நம்பலாம். கடிதம் எழுத நம்பக் கூடாது. ‘நேற்று வரவில்லை’ என்று தமிழில் எழுதினால் வராதது நானா, அவனா, அவர்களா என்பது வினையில் தெரியாது. ஆங்கிலத்துக்கு எழுவாய் கட்டாயம் என்பதால் கருவி ஒன்றை ஊகித்துப் போடும். லீவுக் கடிதத்தில் அது ஆளையே மாற்றிவிடும். ‘நான்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. ‘அவர்’ வந்தால் ஆணா பெண்ணா என்று விடையைச் சரிபாருங்கள்.

பேச்சைத் திருத்த ஃபோன் கீபோர்டின் குரல் தட்டச்சு போதும். மொழியை ஆங்கிலமாக வைத்து, ஒற்றைச் சொற்களாகச் சொல்லுங்கள். முழு வசனம் சொன்னால் பிழையான ஒலியையும் சூழலை வைத்து அது சரியாக ஊகித்துவிடும். நம் வாயில் ‘ஃப’ எளிதில் ‘ப’ ஆகிவிடும். நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னது ‘கொஃபி’யா (கோப்பி), ‘கொப்பி’யா என்பது திரையில் தெரிந்துவிடும். மேல்பல்லைக் கீழுதட்டில் தொட்டுக் காற்றை விட்டு, மறுபடி சொல்லிப் பாருங்கள்.