பின் ஆக்சிலை மாற்றலாமா? தனி சஸ்பென்ஷனும் சாலிட் ஆக்சிலும்

பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரே உறைக்குள் பிணைக்கும் சாலிட் ஆக்சிலைப் போட்டால் கார் கிளம்பும்போது வழுக்காது என்று சொல்பவர்களைச் சிங்கப்பூரின் காக்கி புக்கிட் வட்டாரக் கார்ப் பட்டறைகளில் பார்க்கலாம். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் சிங்கப்பூர் நம்பர் பலகையோடு தினமும் ஓடும் காருக்கு இந்த மாற்றம் வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

இந்த யோசனை அமெரிக்காவில் நேர்கோட்டில் மட்டும் ஓடும் டிராக் பந்தயக்காரர்களிடையே பேர் பெற்றது. 1999 முதல் 2004 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்குப் பின்புறம் தனி சஸ்பென்ஷன். சாதாரண மஸ்டாங்கில் சாலிட் ஆக்சில். 2003இல் கோப்ராவுக்கு சூப்பர்சார்ஜர் பொருத்தி 390 குதிரைத்திறன் கொடுத்ததும், நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளப்பும்போது பின்சக்கரம் தத்தித் தத்திக் குதிப்பது பெரிய தலைவலியாகிவிட்டது. பலர் அந்த அமைப்பையே இறக்கிவிட்டு சாதாரண மஸ்டாங்கின் ஆக்சிலை மாட்டினார்கள். பழைய ஆக்சில் உட்காரும் அதே இடங்களில் பொருந்தும்படிதான் கோப்ராவின் தனி சஸ்பென்ஷனை வடிவமைத்திருந்தார்கள். அதனால் வெட்டு, வெல்டிங் எல்லாம் பெரிதாகத் தேவைப்படவில்லை. நம் ஊரில் இதைக் கேட்பவர்களிடம் இருப்பது நிசான் சில்வியா, டொயோட்டா ஜிடி86 மாதிரியான கார்கள். அவற்றில் சாலிட் ஆக்சிலுக்கென்று இடமே விடவில்லை. தரைத்தகட்டை வெட்டி, புதுப் பிடிமானங்களை வெல்ட் செய்தாக வேண்டும்.

சரி, நேர்கோட்டில் சாலிட் ஆக்சில் ஏன் ஜெயிக்கிறது? அதில் இரண்டு பின்சக்கரத்துக்கும் முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஆக்சில் உறைக்குள்ளேயே இருக்கிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது உறை எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பவை ஆக்சிலையும் பாடியையும் இணைக்கும் கைகள். அந்தக் கைகளின் சாய்வை மாற்றினால், கிளம்பும் நொடியில் பாடியை மேலே தள்ளி டயரைத் தரையில் அழுத்த வைக்கலாம். தனி சஸ்பென்ஷனில் டிஃபரன்ஷியல் பாடிப் பக்கம் போல்ட் போட்டு நிற்கிறது. எதிர்முறுக்கு நேராக அங்கே போய்விடும். சக்கரத்தின் தள்ளுவிசை மட்டும்தான் கைகளுக்கு வந்து சேரும். அதனால் வண்டியின் பின்பக்கம் உட்காருவதைக் கட்டுப்படுத்த இடம் குறைவு. உட்கார உட்கார கேம்பர், அதாவது சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு மாறி டயரின் உள்விளிம்பில் பாரம் ஏறும். சாலிட் ஆக்சிலில் வண்டி எவ்வளவு உட்கார்ந்தாலும் டயர் தட்டையாகவே நிற்கும்.

ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. முன்னாலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழலும் முறுக்கு ஆக்சிலையே பக்கவாட்டில் திருப்பி, வழக்கமாக வலது பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறது. டிராக் கார்களில் வலதுபுற ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைப்பது இதைச் சமாளிக்கத்தான். தனி சஸ்பென்ஷனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வளைவில் கதை மாறுகிறது. சிங்கப்பூர்ச் சாலைகள் வழவழப்பானவை, அதனால் சாலிட் ஆக்சில் இங்கே உறுத்தாது என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. தீவு விரைவுச்சாலை மேம்பாலங்களில் வளையும்போது குறுக்கே வரும் இணைப்புகளை நினைத்துப் பாருங்கள். தனி சஸ்பென்ஷனில் ஒரு சக்கரத்துக்குப் பட்ட அடி பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சாலிட் ஆக்சிலில் ஒரு பக்கம் எழும்பினால் மறுபக்க டயரும் சாயும். அதோடு டிஃபரன்ஷியல், உறை எல்லாவற்றின் எடையும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிறது. ஷாக் அப்சார்பர் அதை அடக்குவதற்குள் அடுத்த இணைப்பு வந்துவிடும். சாலை ஈரமாக இருந்தால் இது வெறும் சொகுசுப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை.

தனி சஸ்பென்ஷனில் கிளம்பும்போது சக்கரம் குதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர்தான். பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டத்தின் ரப்பர் உருளையான சப்ஃபிரேம் புஷ், டிஃபரன்ஷியலைப் பிடிக்கும் ரப்பர் மவுண்ட் இரண்டும் நெகிழ்ந்து, முறுக்கேறி, திரும்ப விடுபடும். பழைய ரப்பர் என்றால் கேட்கவே வேண்டாம். பாலியூரித்தேன் புஷ், கெட்டியான மவுண்ட் போட்டாலே பெருமளவு அடங்கும். உள்ளே கொஞ்சம் இரைச்சல் கூடும், அவ்வளவுதான். 2009 கேடிலாக் சிடிஎஸ்-வி காரில் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்டை ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் வைத்தார்கள். இரண்டும் ஒரே தாளத்தில் முறுக்கேறாததால் குதிப்பு வளர்வதில்லை. தனி சஸ்பென்ஷனோடே 2018 டாட்ஜ் டீமன் கால் மைலை 9.65 வினாடியில் கடந்தது. அதே நேரம், 2015 முதல் எல்லா மஸ்டாங்குக்கும் தனி சஸ்பென்ஷன் கொடுத்த ஃபோர்டு, கோப்ரா ஜெட் என்ற டிராக் காருக்கு மட்டும் சாலிட் ஆக்சிலுக்கே திரும்பியது. அந்தக் காரைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. எந்த வேலைக்கு எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அப்புறம் சட்டம். பாடியை வெட்டி அமைப்பையே மாற்றும் வேலையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் செய்துவிட்டுச் சாலையில் இறங்க முடியாது. மூன்று வயது முதல் பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டையே சிக்கலாக்கிவிடும். பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழுக்கு (சிஓஇ) இவ்வளவு வெள்ளி கொட்டிய காரில் இந்தப் பந்தயம் கட்ட எனக்கு மனம் வராது. முழுவேகக் கிளப்பலைச் சோதிக்க இங்கே நிரந்தரப் பந்தயத் திடலும் இல்லை. எல்லை தாண்டி மலேசியாவின் செப்பாங் பந்தயத் திடலுக்குப் போனாலும், 5.543 கிலோமீட்டரில் 15 வளைவுகள். அங்கே தனி சஸ்பென்ஷன்தான் கைகொடுக்கும்.

நடுவழியாக டி டியோன் அமைப்பு இருக்கிறது. டிஃபரன்ஷியல் பாடியில், சக்கரங்களை மட்டும் ஒரு குழாய் இணைக்கும். அருமையான யோசனைதான். ஆனால் அதற்கும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

டொயோட்டா ஏஇ86, சுசுகி ஜிம்னி வைத்திருப்பவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். அந்தக் கார்களைச் சாலிட் ஆக்சிலுக்காகவே வரைந்திருக்கிறார்கள். புஷ்களை நல்ல நிலையில் வைத்திருந்தால் போதும்.

மற்றவர்கள் பட்டறையில் காரை ஏற்றி, டிஃபரன்ஷியலை ஒரு கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அசைந்தால் முதலில் மவுண்டை மாற்றுங்கள். பிறகு சப்ஃபிரேம் புஷ், நல்ல டயர், கடைசியாக அலைன்மென்ட். அதற்கு மேலும் குதித்தால் ஹாஃப் ஷாஃப்டைப் பற்றிப் பேசலாம்.