எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி: மெட்ராஸ் ஐ இல்லைன்னு சொன்ன இடம்

எனக்குக் கிட்னி மாத்தி மூணு வருஷம் ஆகுது. ஆடி மாசம் இடது கண்ணுல கீழ் இமைக்குள்ள சிவப்பா ஒரு திட்டு. வலி இல்லை, பீளை இல்லை. வீட்டுப் பக்கத்து கிளினிக்ல மெட்ராஸ் ஐன்னு சொட்டு மருந்து கொடுத்தாங்க. மறுபடி போனா, "ரத்தம் கசிஞ்சிருக்கு, தானா போயிடும்." கசிவுன்னா ரெண்டு மூணு வாரத்துல மஞ்சளாகி மறையணும். எனக்கு ஆறு வாரம் ஆச்சு, திட்டு தடிச்சுக்கிட்டே வந்தது. வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு அங்க ஒருத்தர்கூட கேட்கலை. என் கோபம் அதுதான்.

எழும்பூர்ல முதல் கேள்வியே அதுதான். 1819ல தொடங்கின ஆஸ்பத்திரி, நம்ம ஊர்ல இதுக்கு அறிமுகம் வேண்டாம். விளக்குக் கருவியில தாடையை வச்சதும் அந்த டாக்டரம்மா இமையைக் கீழே இழுத்து, "மேல பாருங்கய்யா"ன்னாங்க. திரையில காட்டினாங்க: உரிச்ச மாதுளை முத்து மாதிரி ஒரு மேடு, சுத்தி நூல் நூலா ரத்தக் குழாய். மரத்துப்போற மருந்து விட்டுத் துளியூண்டு கிள்ளி எடுத்தாங்க. கூடவே எச்.ஐ.வி. பரிசோதனையும் எழுதினாங்க. என் வீட்டுக்காரி முகம் மாறிடுச்சு. டாக்டரம்மா அவளைப் பக்கத்துல உட்கார வச்சு, "இந்தக் கட்டி எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கும் வரும், உங்க வீட்டுக்காரர் மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் வரும், அதான் ரெண்டையும் பார்க்கறோம்மா"ன்னு சொன்னாங்க. எச்.ஐ.வி. இல்லை.

சதை ரிசல்ட்ல கபோசி சார்கோமா. ஹெர்பெஸ் வகையில எட்டாவது வைரஸ், உடம்பு காவலைத் தளர்த்தினதும் ரத்தக் குழாய் செல்லைக் கட்டியா வளர்த்து விடுதாம். புற்றுநோய்தான், அதை மறைக்காம சொன்னாங்க. வேற எங்கயும் பரவலைன்னு உடம்பு பூரா பார்த்துட்டு, கத்தி வைக்க அவசரம் இல்லைன்னுட்டாங்க. என் கிட்னி டாக்டருக்கு ஒரு கடிதம். அவர் நான் சாப்பிட்டுட்டிருந்த எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை டாக்ரோலிமஸை நிறுத்தி, அதே வேலையைச் செஞ்சுக்கிட்டே இந்தக் கட்டியையும் அடக்குற சிரோலிமஸ் கொடுத்தார். இதை நீங்களா செஞ்சுடாதீங்க, கிட்னி போயிடும்.

போறவங்க காலையிலேயே டிபனை முடிச்சுட்டுப் போங்க. சாப்பிடற எல்லா மாத்திரைச் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க. கண்ணோட கருமணியை விரிக்கிற மருந்து விட்டா மதியம் வரைக்கும் எழுத்து தெரியாது, துணைக்கு ஆள் வேணும்.

நாலு மாசமாச்சு. இப்போ கண்ணாடி முன்னால இமையை இழுத்துப் பார்த்தா, துவைச்ச வேட்டியில வெத்தலைக் கறை மாதிரி மங்கலா ஒரு தடம். அடுத்த செக்கப் மாசக் கடைசியில.