நிலைக் கட்டண விவாகரத்து பேக்கேஜ்: ஜீவனாம்சப் பத்தியைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்

கோலாலம்பூரில் பல லாயர் அலுவலகங்கள் கூட்டு மனு விவாகரத்தை ஒரே கட்டணத்தில் முடித்துத் தருகின்றன. கணவன் மனைவி இருவரும் சம்மதித்து 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் மனு போடுவதால், ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) சமரசக் குழுவுக்கு அலைய வேண்டியதில்லை. ஜாலான் டூத்தா உயர்நீதிமன்றத்தில் சண்டை இல்லாமல் வேலை முடியும். பிள்ளையும் வீடும் இல்லாத தம்பதிக்கு இது கொடுத்த காசுக்குத் தகுந்த சேவைதான்.

மற்றவர்களுக்குச் சிக்கல் தருவது அச்சடித்த மாதிரிப் பத்தி. "மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 வெள்ளி (ரிங்கிட்)" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 82ஆம் பிரிவுப்படி, ஜீவனாம்சம் பெறுபவர் மறுமணம் செய்தாலோ, இன்னொருவருடன் தகாத உறவில் வாழ்ந்தாலோ அவருடைய உரிமை நின்றுவிடும். பிள்ளைகளின் பங்கு நிற்காது. தாயின் மறுமணத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் 2,000-இல் யாருக்கு எவ்வளவு? ஆணையில் எழுதவில்லை என்றால், கொடுப்பவர் முழுத் தொகையையும் நிறுத்திவிடுவார், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நடுவில் மாட்டிக்கொள்ளும். "மனைவிக்கு 800, ஒவ்வொரு பிள்ளைக்கும் 600" என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரிதான், இதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டால் வேறு அலுவலகம் பாருங்கள்.

அடுத்தது இன்னும் பெரிய ஓட்டை. வீட்டில் மனைவிக்குச் சேர வேண்டிய பங்கை, "5 ஆண்டுகளுக்கு மாதம் 1,500 வெள்ளி ஜீவனாம்சம்" என்று தவணையாக எழுதுகிறார்கள். மொத்தம் 90,000 வெள்ளி. இரண்டாம் ஆண்டு முடிவில் அவர் மறுமணம் செய்தால், மிச்சமுள்ள 54,000 வெள்ளியைத் தர மாட்டேன் என்று முன்னாள் கணவர் வாதாட வழி பிறக்கும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் மறுமணத்துக்குப் பிறகும் ஜீவனாம்சம் தொடரலாம் என்று 82(2) சொல்கிறது. அதே நிபந்தனை நீதிமன்ற ஆணைக்குள் ஏறிவிட்டால், நீதிமன்ற ஆணைகளுக்கான, அந்த விலக்கு இல்லாத 82(1) பொருந்துமா என்று தகராறு கிளம்பும். அதற்கு இடமே வைக்காதீர்கள். சொத்துப் பங்கை 76ஆம் பிரிவின் கீழ் சொத்துப் பங்கு என்றே எழுதுங்கள். ஜீவனாம்சத்தை மொத்தமாக வாங்கித் தீர்த்துக்கொள்வதானால், 80ஆம் பிரிவுப்படி நீதிமன்ற ஒப்புதல் வந்த பிறகே அது செல்லும்.

கொடுப்பவர் மறுமணம் செய்தால்? எதுவும் தானாக நிற்காது. புதுக் குடும்பச் செலவைக் காட்டி, சூழ்நிலை மாறிவிட்டது என்று 83ஆம் பிரிவில் மனு போடலாம். முடிவு நீதிபதி கையில். பெறுபவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யவில்லை என்று காதில் விழுந்த உடனே மாதப் பணம் அனுப்பும் பேங்க் கட்டளையை ரத்து செய்வது ஆபத்து. உண்மை என்னவென்று ஆதாரத்தோடு நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். கணிப்பு தப்பினால் நிறுத்திய மாதமெல்லாம் கடனாகச் சேரும். பெறுபவரும் சும்மா இருக்கக் கூடாது: மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பாக்கியை வழக்குப் போட்டு வாங்க முடியாது என்கிறது 86ஆம் பிரிவு. நல்ல பேக்கேஜில் "மறுமணம் செய்தால் 14 நாளுக்குள் பதிவுச் சான்றிதழ் நகலோடு தெரிவிக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். நாம் பார்த்த மாதிரிப் பத்திகளில் அது அரிது.

கட்டணம் எதுவரை என்றும் கேளுங்கள். சில பேக்கேஜ் டிக்ரீ நிசி என்ற இடைக்கால விவாகரத்து ஆணையோடு முடிந்துவிடுகிறது. நீதிமன்றம் காலத்தைக் குறைத்தாலொழிய, மூன்று மாதம் கழிந்த பிறகே அது அப்சலூட் (இறுதி ஆணை) ஆகும். அதற்கு முன் நடக்கும் மறுமணம் செல்லாது. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு நாள் எண்ணுவது வீண் தலைவலி. அப்சலூட் சான்றிதழ் எடுப்பதும் ஜேபிஎன்னில் விவாகரத்தைப் பதிவதும் கட்டணத்தில் சேர்ந்திருந்தால் மட்டும் "முழு பேக்கேஜ்" என்ற பெயரை நம்பலாம்.

இவை முஸ்லிம் அல்லாதவர்களுக்கான விதிகள். முஸ்லிம் தம்பதிகள் ஷரியா நீதிமன்ற லாயரிடம்தான் போக வேண்டும். கணவருக்குச் சொந்தத் தொழில், வெளிநாட்டுச் சம்பளம், கணக்கில் வராத சொத்து என்று ஏதாவது இருந்தால் இந்த பேக்கேஜ் உங்களுக்கு ஆகாது. தனியாக உங்களுக்கென்று ஒரு லாயர் வையுங்கள். ஒரே லாயர் இருவருக்கும் எழுதும்போது, உங்கள் பக்கம் நின்று கேட்க ஆள் இருக்காது.